உவமையா, ‘ஏன்’ கேள்வியா, வரைபடமா, முன்கணிப்பா: புதுப் பாடத்தைப் பழைய அறிவோடு எதைக் கொண்டு முடிச்சுப் போடுவது?

பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் மின்காந்தவியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. ‘கம்பிச்சுருளில் சுற்றுகளின் எண்ணிக்கை மாறினால் என்ன ஆகும்?’ என்று ஒரு பையனைக் கேட்டேன். எழுந்து நின்றான், தலையைக் குனிந்துகொண்டான். பதில் இல்லை.

அவனுடைய அப்பா பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இவனும் கடையில்தான் இருப்பான். கருகின காயிலை வெட்டி எடுப்பதும், புதுக் கம்பியை எண்ணிச் சுற்றுவதும் அவன் கைக்குப் பழக்கம். அது ஞாபகம் வந்ததும் மாற்றிக் கேட்டேன்.

“ஏன் கண்ணு, உங்க கடையில டர்ன்ஸ் எண்ணித்தானே சுத்துறீங்க? கொறைஞ்சா என்ன ஆகும்?”

“ஆம்ப்ஸ் எச்சா இழுக்குமுங்க சார். சூடேறிக் காயில் கருகிப் போயிரும்.” யோசிக்கவே இல்லை, சட்டென்று வந்தது. சொல்லிவிட்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: “காயில்னா கம்பிச்சுருளுங்களா சார்?”

அவன் சொன்னது பாடம் எதிர்பார்த்த பதில் அல்ல. காந்தப்புலத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆனால் பாடத்தை எங்கிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வாரமாக நான் ‘கம்பிச்சுருள்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததும், நாலு வருடமாக அவன் கையில் புழங்குகிற காயிலும் ஒன்றுதான் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இதை ஒட்டியதுதான். “மனப்பாடம் பண்றான், ரெண்டு வாரத்துல மறந்துர்றான். உதாரணம் சொல்லிக் கொடுக்கிறதா, கேள்வி கேட்டு வரவைக்கிறதா, படம் போடச் சொல்றதா, எது நல்லதுங்க?” புதுச் செய்தியைப் பிள்ளை ஏற்கெனவே அறிந்ததோடு இணைக்க நான் நாலு வழிகளைப் பயன்படுத்துகிறேன். நாலுக்கும் வேலை ஒன்று. ஆனால் செலவு வேறு, ஆபத்து வேறு, பொருந்துகிற இடமும் வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணைப்பு பாடத்துக்கு முன்னால் விழ வேண்டும். 1972இல் பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் துணி துவைப்பதைப் பற்றி ஒரு பத்தி எழுதி மாணவர்களிடம் படித்துக் காட்டினார்கள். அதில் துணி என்றோ துவைப்பது என்றோ ஒரு சொல்கூட வராது. தலைப்பை முன்னதாகச் சொன்னவர்களுக்குப் பத்தி விளங்கியது, ஞாபகமும் இருந்தது. பத்தி முடிந்த பிறகு தலைப்பைக் கேட்டவர்களுக்கு அதனால் பெரிதாகப் பயன் இல்லை. துணி துவைப்பது யாருக்குத்தான் தெரியாது? தெரிந்திருந்தாலும் அந்த அறிவு கேட்கிற நேரத்தில் விழித்திருக்க வேண்டும். பாடம் முடிந்தபிறகு “நம்ம தோட்டத்துல பார்க்கிறோமே, அதேதான்” என்று சொல்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது அதை முதலில் சொல்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும்: இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை பிள்ளையின் தலையில் இப்போது என்ன இருக்கிறது? கற்பிப்பதில் மிக முக்கியமான ஒற்றை விஷயம் மாணவன் ஏற்கெனவே அறிந்திருப்பதுதான், அதைக் கண்டுபிடித்து அதற்கேற்பச் சொல்லிக்கொடுங்கள் என்று கல்வி உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968இலேயே எழுதிவிட்டார். என் வகுப்பில் நான் மூன்று நிலைகளைப் பார்க்கிறேன்.

இருக்கிறது, இணையவில்லை. காயில் கட்டுகிற பையன் இந்த வகை. நம் பக்கத்துப் பிள்ளைகளில் இவர்கள் நிறைய. தறி, பனியன் கம்பெனி, கோழிப்பண்ணை, மஞ்சள் வேகவைப்பது, தேங்காய்க் களம் என்று வீட்டிலேயே ஒரு தொழிற்கூடத்தைப் பார்த்து வளர்கிறார்கள். அதெல்லாம் அறிவியல் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இல்லை. கடலையே பார்க்காத பிள்ளைக்கு ஓதம் ஏறி இறங்குவதை எதோடு சேர்ப்பது? கொக்கி மாட்ட இடமே இருக்காது. முதலில் அந்த இடத்தை உண்டாக்க வேண்டும்.

தப்பாக இருக்கிறது. கஷ்டமானது இதுதான். பிள்ளைக்குத் தெரியும் என்று நாம் நினைப்போம், பிள்ளையும் அப்படியே நினைக்கும். புதுப் பாடத்தைத் தன் பழைய எண்ணத்துக்கு ஏற்ப வளைத்து உள்ளே வைத்துக்கொள்ளும். பரீட்சையில் வேறு மாதிரிக் கேட்கும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “இதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? வீட்டுல, காட்டுல, கம்பெனியில எங்கயாவது பார்த்திருக்கியா?” என்று கேளுங்கள். வருகிறதை அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எதையும் திருத்தாதீர்கள். ஒருமுறை திருத்தினால் அடுத்த நாளிலிருந்து “ஒண்ணும் தெரியாதுங்க” என்றுதான் பதில் வரும்.

மீதி அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எவ்வளவு நேரம் பிடிக்கும், அது யாருடைய நேரம்? மனதில் இருக்கிற தப்பு வெளியே வருமா? பக்கத்தில் ஆள் இல்லாதபோதும் பிள்ளை தானாகச் செய்யுமா? கேள்வியை மாற்றிக் கேட்டால் தாக்குப்பிடிக்குமா?

## 1. உவமை: பழகினதைக் காட்டிப் புதுசைச் சொல்வது

எல்லோரும் முதலில் எடுக்கிற வழி இது. வேகமும் இதற்குத்தான். மின்சாரத்துக்கு நான் எப்போதும் தண்ணீரைத்தான் எடுப்பேன். இங்கே தண்ணீரை அறியாத பிள்ளை கிடையாது. மேட்டுத் தொட்டி உயரமாக இருந்தால் கீழே வேகமாக வரும் என்று ஆறாவது படிக்கிற பிள்ளையும் சொல்லும். தொட்டியின் உயரம் மின்னழுத்த வேறுபாடு, குழாயில் ஓடுகிற தண்ணீர் மின்னோட்டம், குழாய் சிறுத்தால் மின்தடை. பத்து நிமிடத்தில் ஓம் விதி பாதி புரிந்துவிடும்.

மறைந்திருக்கிற செலவு பிறகுதான் வரும். ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘கம்பி அறுந்தால் மின்சாரம் அந்த இடத்தில் வெளியே கொட்டி வீணாகும்.’ அவள் கணக்கில் அது சரிதான். சொட்டுநீர்க் குழாய் அறுந்தால் தண்ணீர் கொட்டுவதைத் தினமும் பார்க்கிறாள். உவமையை நான் பாதியில் விட்டுவிட்டேன், மீதியை அவளே முடித்துக்கொண்டாள். அதிலிருந்து எந்த உவமை சொன்னாலும் கரும்பலகையை நடுவில் பிரித்து ‘எதில் ஒக்கும்’, ‘எதில் ஒக்காது’ என்று இரண்டு பக்கமும் எழுதுகிறேன். குழாய் அறுந்தால் தண்ணீர் கொட்டும், கம்பி அறுந்தால் ஓட்டமே நின்றுவிடும். இந்த ஒரு வரியை எழுத இரண்டு நிமிடம். எழுதாமல் விட்டால் திருத்த ஒரு வாரம்.

இன்னொன்று. ஒரே உவமை எல்லாக் கணக்குக்கும் ஓடாது. டெட்ரே ஜென்ட்னரும் டொனால்டு ஜென்ட்னரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், மின்சாரத்தைத் தண்ணீர் ஓட்டமாக நினைத்தவர்களுக்கு மின்கலங்களை இணைக்கிற கணக்கு நன்றாக வந்தது. ஓடுகிற கூட்டமாக நினைத்தவர்களுக்கு மின்தடைகளை இணைக்கிற கணக்கு நன்றாக வந்தது. படித்ததும் எனக்குப் பண்ணாரி குண்டம் திருவிழாதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வாசலில் கூட்டம் நெரிகிறது. பக்கத்தில் இன்னொரு வாசலைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டாவது வாசலும் குறுகலானதுதான், ஆனாலும் மொத்தத்தில் ஆட்கள் சீக்கிரம் போவார்கள். பக்க இணைப்பில் இன்னொரு மின்தடையைச் சேர்த்தால் மொத்தத் தடை ஏன் குறைகிறது என்பதைத் தண்ணீரை வைத்துச் சொன்னபோது முழித்த பிள்ளைகள், வாசலை வைத்துச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள்.

உவமை யாருக்குச் சொந்தம் என்றும் பார்க்க வேண்டும். பவானியில் ஜமுக்காளம் நெய்கிற வீட்டுப் பிள்ளைக்கு வரைபடத்தாளின் இரண்டு அச்சுகளையும் பாவு, ஊடை என்று சொன்னால் உடனே விளங்கும். தறியையே பார்க்காத பிள்ளைக்கு அது இரண்டாவது பாடமாகிவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்காக வெளிமாநிலங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறார்கள். நமக்குப் பழகின உவமை அவர்களுக்குப் பழகினது அல்ல. அவர்கள் ஊரில் என்ன பயிர், என்ன வேலை என்று கேட்டு அதிலிருந்து ஒன்றை எடுக்க முடியும். அதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகத் தேவை, செலவழிக்கலாம்.

‘இதுவும் அதுவும் ஒன்று’ என்று வாய்விட்டுச் சொல்லாமலும் இருக்கக் கூடாது. கிக், ஹோலியோக் என்ற ஆய்வாளர்கள் 1980இல் ஒரு கோட்டையைப் பிடித்த தளபதியின் கதையைச் சொல்லிவிட்டு, அதே தந்திரத்தால் தீர்க்கக்கூடிய ஒரு மருத்துவச் சிக்கலைக் கொடுத்தார்கள். கதையைப் படித்த கையோடும் பெரும்பாலோருக்கு அதைப் பயன்படுத்தத் தோன்றவில்லை. ‘அந்தக் கதை உதவும்’ என்று ஒரு குறிப்புக் கொடுத்த பிறகுதான் தோன்றியது. காயில்காரப் பையனுக்கும் அந்தக் குறிப்பு ஒன்றுதான் குறையாக இருந்தது.

எப்போது இதுவே நல்லது: கண்ணுக்குத் தெரியாத விஷயம், பிள்ளைக்குப் பழகின ஒன்று கைவசம் இருக்கிறது, நேரம் குறைவு.

## 2. ‘ஏன்?’ கேள்வி: காரணத்தைப் பிள்ளையே சொல்வது

அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டுகிற நிறங்காட்டிப் பாடம் என்றால் நான் ஒரு வேலை செய்வேன். ஒரு டம்ளர் தண்ணீரில் மஞ்சள் தூளைக் கரைத்து மேஜைமேல் வைப்பேன். இன்னொரு கையில் வெற்றிலைச் சுண்ணாம்பு, ஒரு பயறு அளவு. அதைப் போட்டுக் கலக்கினதும் தண்ணீர் இரத்தச் சிவப்பாக மாறும். “இது ஆரத்தித் தண்ணிங்க சார்!” என்று வகுப்பே சொல்லும். கல்யாணத்தில், சீரில், பிள்ளை பிறந்து வீட்டுக்கு வருகையில் நூறு தடவை பார்த்த சிவப்பு. அப்புறம் கேட்பேன்: “ஏன் சிவந்தது?”

பத்து விநாடி அமைதி. அதைப் பொறுத்துக்கொள்வதுதான் கேட்கிறவருக்குக் கஷ்டம். முதல் பதில் எப்போதும் “சுண்ணாம்பு போட்டதால்” என்று வரும். “சரி, சுண்ணாம்பு வெள்ளை, மஞ்சள் மஞ்சள். சிவப்பு எங்கிருந்து வந்தது?” என்று அடுத்ததைக் கேட்பேன். ஒருமுறை கடைசி வரிசையில் ஒரு பெண், “வெள்ளைச் சட்டையில மஞ்சக் கறை பட்டு, சோப்புப் போட்டா சிவப்பாகுதுங்களே, அதுவும் இதுதானுங்களா?” என்று கேட்டாள். நான் அந்தச் சட்டையை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. சோப்பும் காரம், சுண்ணாம்பும் காரம். அதே டம்ளரில் எலுமிச்சையைப் பிழியச் சொன்னேன். பிழியப் பிழியச் சிவப்பு கலைந்து மஞ்சள் திரும்பி வந்தது. மஞ்சளில் இருக்கிற குர்குமின் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும் என்று பாடத்தில் இருக்கிற வரியை அன்றைக்கு நான் சொல்லவே இல்லை. அவர்களே எழுதிவிட்டார்கள்.

உவமையில் முடிச்சை நான் போடுகிறேன். இங்கே பிள்ளை போடுகிறது. அதனால் நிலைக்கிறது, மாற்றிக் கேட்டாலும் பதில் வருகிறது. படிக்கும் உத்திகள் பத்தை எடுத்து 2013இல் டன்லோஸ்கியும் உடனிருந்தவர்களும் அலசியபோது, ‘ஏன்’ என்று கேட்டுக்கொள்வதையும் தனக்குத்தானே விளக்கிக்கொள்வதையும் நடுத்தரப் பயன் உள்ளவையாக வைத்தார்கள். அடிக்கோடிடுவதும் திரும்பத் திரும்பப் படிப்பதும் பயன் குறைந்த வரிசையில் நின்றன. நம் பிள்ளைகள் அதிகம் செய்வது அந்த இரண்டையும்தான்.

ஆனால் இதற்குக் கையிருப்பு வேண்டும். 1992இல் கனடா மாணவர்களிடமும் ஜெர்மனி மாணவர்களிடமும் இரு நாட்டு மாநிலங்களைப் பற்றிய செய்திகளைக் கொடுத்து ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்கவைத்தார்கள். தம் சொந்த நாட்டைப் பற்றிய செய்திகளில் அது நன்றாக உதவியது, அடுத்த நாட்டைப் பற்றியவற்றில் அவ்வளவு இல்லை. தெரியாத ஊரைப் பற்றி ‘ஏன்’ என்று கேட்டால் பிள்ளை எதை எடுத்துப் பதில் சொல்லும்? ஊகித்து ஒரு காரணத்தைக் கட்டும், அந்தக் காரணமே மனதில் தங்கிவிடும். சொந்தக் காரணம் தப்பாகப் போனால் நாம் சொன்ன தப்பைவிட அது அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும் என்பது என் அனுபவம். எனவே கேட்டுவிட்டு அப்படியே போய்விடக் கூடாது.

எப்போது இதுவே நல்லது: பழைய அறிவு நன்றாக இருக்கிறது, இணையவில்லை. பாடம் காரண காரியத்தோடு போகிறது. தேதி, பெயர், குறியீடு மாதிரி விஷயங்களில் ‘ஏன்’ கேட்டுப் பயன் இல்லை.

## 3. கருத்து வரைபடம்: சொற்களைக் கோடு போட்டு இணைப்பது

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கின் குழு 1970களில் உருவாக்கிய முறை இது. சொற்களைப் பெட்டிக்குள் எழுதி, கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டின் மேல் ஒரு வினையை எழுத வேண்டும். வினைதான் உயிர். பல பிள்ளைகள் பெட்டியும் அம்பும் கலர் பென்சிலுமாக அழகாக வரைந்து வருவார்கள், கோட்டின் மேல் ஒன்றும் இருக்காது. அது படம், இணைப்பு அல்ல.

உணவு வலைப் பாடத்துக்குக் காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டை, வரையச் சொன்னேன். கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், மாடு, செம்மறி, மண். ஆறே சொற்கள். ‘வேலி — மாடு’ என்று ஒருவன் கோடு போட்டான். “என்ன வினை எழுதுவே?” என்றேன். ‘தடுக்கிறது’ என்று எழுதினான். இன்னொருத்தி ‘வெள்வேல மரம் — செம்மறி’ என்று போட்டு ‘நெற்றைக் கொடுக்கிறது’ என்று எழுதினாள், அப்புறம் யோசித்து எதிர்த்திசையிலும் ஒரு அம்பு போட்டு ‘விதையைப் பரப்புகிறது’ என்று எழுதினாள். ஆடு தின்ற நெற்றின் விதை புழுக்கையோடு விழுந்து முளைப்பதை அவள் பட்டியில் பார்த்திருக்கிறாள். அந்த இரண்டாவது அம்பு பாடப்புத்தகத்துப் படத்தில் இல்லை.

செலவு நேரம்தான். ஆறு சொல்லுக்கே முக்கால் மணி ஆகிவிட்டது. இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது: புத்தகத்தைத் திறந்துவைத்து வரைந்தால் பார்த்து எழுதுகிற வேலையாகிவிடும். 2011இல் கார்ப்பிக்கி, பிளண்ட் இருவரும் செய்த சோதனையில், பாடத்தைப் பார்த்து வரைபடம் போட்டவர்களைவிட, மூடிவைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து நன்றாகச் செய்தார்கள். கடைசித் தேர்வே வரைபடம் போடுவதாக இருந்தபோதும் அப்படித்தான். அதனால் நான் வரைபடத்தை விட்டுவிடவில்லை, புத்தகத்தை மூடச் சொல்கிறேன். முதலில் ஞாபகத்திலிருந்து வரையட்டும், அப்புறம் திறந்து வேறு நிற மையால் விட்டதைச் சேர்க்கட்டும். அந்த வேறு நிறம்தான் அடுத்து என்ன படிக்க வேண்டும் என்று காட்டும்.

எப்போது இதுவே நல்லது: அலகு முடிந்த பிறகு, சொற்கள் அதிகமாகிக் குழம்பிக் கிடக்கும்போது. உயிரியலுக்கும் வரலாற்றுக்கும் பொருந்தும். புதுப் பாடத்தின் முதல் நாளில் வேண்டாம்.

## 4. முன்கணிப்பு: பாடத்துக்கு முன் பந்தயம் கட்டுவது

தப்பாகப் பதிந்த அறிவுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒளிச்சேர்க்கை தொடங்குவதற்கு முன்னால் கேட்டேன்: “ஒரு தென்னை மரம் எத்தனையோ நூறு கிலோ இருக்குது. அந்த எடை எங்கிருந்து வந்தது?” எழுதிக் கொடுக்கச் சொன்னேன். ஒருவர் பாக்கியில்லாமல் ‘மண்ணிலிருந்து’, ‘உரத்திலிருந்து’ என்று எழுதினார்கள். விவசாய வீட்டுப் பிள்ளைகள், வேறெப்படி எழுதுவார்கள்? உரம் வைத்தால் வெள்ளாமை ஏறும் என்பதைக் கண்ணால் பார்க்கிறவர்கள்.

அப்புறம் பதினேழாம் நூற்றாண்டு விஞ்ஞானி வான் ஹெல்மாண்டின் சோதனையைச் சொன்னேன். 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டார். தண்ணீர் மட்டும் ஊற்றினார். 5 வருடம் கழித்து மரம் 169 பவுண்டு. “மண் எவ்வளவு குறைஞ்சிருக்கும்?” என்று நிறுத்தினேன். 100 என்றான் ஒருவன், 164 என்றான் இன்னொருவன், கணக்கை ஒழுங்காகப் போட்டவன். குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ், அதாவது அரைக்கால் பவுண்டு என்றதும் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் சொன்னான்: “ஆமாங்க சார். மண்ணுல இருந்து வந்திருந்தா எங்க தென்னைக்கு அடியில பெரிய குழி விழுந்திருக்கணும்.”

வான் ஹெல்மாண்டே எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்றுதான் முடிவு கட்டினார். அவர் இறந்தபிறகு 1648இல் அது அச்சானது. காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடின் பங்கு பின்னால்தான் தெரிந்தது. பெரிய ஆளும் தப்பாகக் கணிக்கலாம் என்று பிள்ளைகள் அறிவது நல்லது. அதே மூச்சில் உரம் எதற்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் குறைந்த அளவில் கட்டாயம் வேண்டும், ஆனால் மரத்தின் உடம்பு அதனால் கட்டப்படுவதில்லை. இதை விட்டுவிட்டால் பிள்ளை வீட்டுக்குப் போய் “உரமே வேண்டாம்” என்று அப்பாவிடம் சொல்லும்.

உறுதியாகச் சொன்ன தப்புதான், திருத்தியபிறகு நன்றாகத் திருந்துகிறது என்று பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001இல் கண்டார்கள். “நான் நூறு சதம் சொல்றேன்” என்று பந்தயம் கட்டினவனுக்குத்தான் அதிர்ச்சி அதிகம்.

இதன் செலவு கூச்சம். எல்லோர் முன்னாலும் தப்பாகச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளான பிள்ளை அடுத்த தடவை வாயைத் திறக்காது. அதனால் சீட்டில் எழுதி வாங்குகிறேன், பெயர் வேண்டாம். இன்னொன்று: கணிப்பைக் கேட்டால் அன்றைக்கே விடையைக் காட்டி முடிக்க வேண்டும். மணியாகிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் தப்பான கணிப்போடு பிள்ளை தூங்கப் போகும்.

எப்போது இதுவே நல்லது: பிள்ளைக்கு உறுதியான ஆனால் தப்பான எண்ணம் இருக்கிறது, உண்மையைக் கண்முன் காட்ட வழி இருக்கிறது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | உவமை | ‘ஏன்?’ கேள்வி | வரைபடம் | முன்கணிப்பு |
|---|---|---|---|---|
| நேரம் | 10 நிமிடம் | 15–20 நிமிடம் | 45 நிமிடம் | 20–30 நிமிடம் |
| அதிக வேலை யாருக்கு | சொல்லிக்கொடுப்பவருக்கு | பிள்ளைக்கு | பிள்ளைக்கு | இருவருக்கும் |
| கையிருப்பு அறிவு | ஒன்று இருந்தால் போதும் | நிறைய வேண்டும் | பாடம் முடிந்திருக்க வேண்டும் | தப்பாக இருந்தாலும் போதும் |
| தப்பு வெளியே வருமா | வராது, புதிதாகவும் சேரலாம் | ஓரளவு வரும் | கோட்டின் வினையில் தெரியும் | முழுக்க வரும் |
| தனியாகச் செய்ய முடியுமா | கடினம் | பழகினால் முடியும் | முடியும் | விடை கைவசம் இருந்தால் முடியும் |
| மறைந்த செலவு | ஒக்காத இடத்தைச் சொல்ல மறப்பது | சொந்தக் காரணம் தப்பாக ஒட்டுவது | அலங்காரமாகிவிடுவது | கூச்சம், முடிக்காமல் விடுவது |

நேரக் கணக்கு என் வகுப்பில் நான் பார்த்தது. உங்கள் வீட்டில் ஒரே பிள்ளை என்றால் குறையும்.

## சில வீட்டு நிலைமைகள்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடித்து எட்டரைக்கு வீடு வருகிற ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: “நான் எட்டாவதோட நின்னவ. எனக்கே தெரியாத பாடத்தை எப்படிங்க சொல்லிக்கொடுக்கறது?” அவருக்கு உவமை ஒத்துவராது, பாடம் தெரிந்தால்தான் உவமை சொல்ல முடியும். ‘ஏன்?’ கேள்விக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. “எனக்குச் சொல்லு கண்ணு, அது ஏன் அப்படி? நம்ம வீட்டுல எங்க இருக்குது?” என்று சோறு போட்டுக்கொண்டே கேட்கலாம். சரியா தப்பா என்று பார்க்கத்தான் வழி வேண்டும். பிள்ளை சொன்ன காரணத்துக்குப் புத்தகத்தில் உள்ள வரியை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அந்தக் கேள்வியை ஒரு சீட்டில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்து அனுப்புங்கள். அவர் மகள் இப்போது வாரத்துக்கு இரண்டு சீட்டுக் கொண்டுவருகிறாள்.

பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாத பாடம் என்றால் நாலில் எதையும் உடனே எடுக்காதீர்கள். முதலில் பார்க்க வையுங்கள். ஓதத்துக்கு ஒரு காணொளி, அடுத்து உவமை, ‘ஏன்’ எல்லாம் அப்புறம்.

நாளைக்குப் பரீட்சை என்றால் புது இணைப்பு எதுவும் வேண்டாம். புத்தகத்தை மூடி ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்க்கட்டும். வானவில் நிறங்களுக்கு ‘விப்ஜியார்’ என்று வைத்துக்கொள்வது போன்ற சுருக்கங்களும் அன்றைக்கு உதவும். அவை ஒலியோடு கட்டுகின்றன, பொருளோடு அல்ல. வரிசை மட்டும் வேண்டிய இடத்தில் அது போதும்.

மதிப்பெண் நன்றாக வாங்குகிற, ஆனால் மாற்றிக் கேட்டால் தடுமாறுகிற பிள்ளைக்கு நான் முன்கணிப்பைத்தான் சொல்வேன். அந்தப் பிள்ளைகளிடம் தப்பு ஆழத்தில் கிடக்கும், மனப்பாடம் அதை மூடியிருக்கும். பெற்றோர் இதை ஏற்க யோசிப்பார்கள். “நல்லாத்தானே படிக்கிறா, எதுக்குங்க தப்பாச் சொல்ல வைக்கிறீங்க?” என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களை ஒருநாள் வந்து உட்காரச் சொல்வேன்.

ஒரே பாடத்துக்கு இரண்டு மூன்றைச் சேர்த்தும் பார்க்கலாம். முன்கணிப்பில் தொடங்கி, ‘ஏன்’ கேட்டு, அலகு முடிவில் மூடின புத்தகத்தோடு ஒரு வரைபடம். நாலையும் ஒரே நாளில் செய்ய முயன்றேன், பிள்ளைகள் களைத்துப்போனார்கள். பாடத்துக்கு ஒன்று, அலகுக்கு இரண்டு என்று இப்போது வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் மின்மாற்றி. இரண்டு பக்கத்திலும் சுற்றுகளின் எண்ணிக்கைதான் விஷயமே. காயில் கட்டுகிற பையனிடம், அவனுடைய அப்பாவிடம் கேட்டுக் கருகின காயில் ஒன்றை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் அவன்தான் பேசப்போகிறான்.